ஆமென் வராத மதியம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘ஸ்தோத்திரம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. துவைக்கும் இயந்திரம் ஓடினால் வேலை முடியுமே என்று ஒரு ஸ்தோத்திரம். நின்றுபோனால் இடுப்புக்கு ஓய்வு என்று இன்னொன்று. ஒரு நாள் அவள் தும்மினாள். கூடத்தில் இருந்த பதினோரு பேரும் அவளை முந்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடியில் ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று கதை. கிளம்பியது உண்மைதான். அவரை அனுப்புவதாக இருந்த நாளும் அதுதான்.

பன்னிரண்டு நாளாக மடிக்கும் இயந்திரம் பழுது. படுக்கை விரிப்புகளையெல்லாம் கையால் மடிக்க வேண்டியிருந்தது. அவள் மடித்ததை நீட்டிப் போட்டால் நிலா வரைக்கும் போகும். நிலாவுக்கு ஒரு திரைச்சீலை தைக்கவும் மிச்சம் இருக்கும். விடியுமுன் போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் வீடு. இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது போல் ஆகிவிடும்.

வீட்டில் கணவனும் நாத்தனாரும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனது. அன்றிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான், சமையலும் அவன் கையில்தான். வேலையோடு ஜெபத்தையும் விட்டுவிட்டான். அவள் கண்ணை மூடி நன்றி சொல்லும்போது இவன் கண்ணைத் திறந்துவைத்து மின்விசிறியை முறைப்பான். நாத்தனார் வீட்டிலேயே துணி தைப்பவள். கண்ணை மூடுவாள், மனசு தட்டில் இருக்கும். ஆனால் அண்ணி ‘ஆமென்’ சொல்லாமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. அந்த ஒரு சட்டம் மட்டும் பிழைத்திருந்தது.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் வாய்தான் நன்றி சொன்னது. உள்ளே ஆளே இல்லை. தானும் விட்டுவிட்டால் இந்த வீட்டில் ஆண்டவருக்கு நன்றி சொல்ல யார் இருக்கிறார்கள்? பெரிய விரிப்பின் நாலு முனையையும் ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது.

அன்றைக்கு மேசையில் ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும். அவள் கை கூப்பினாள். “ஆண்டவரே, இந்த ரொட்டிக்காக...” என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. தூங்கிப்போனாள்.

“அண்ணி இன்னிக்கு நேரா பரலோகத்துக்கே போயிட்டாங்க போல” என்றாள் நாத்தனார்.

“பரலோகத்துல யாரும் குறட்டை விடமாட்டாங்க.”

“அப்ப எழுப்பு.”

“தொடாதே. எத்தனை நாளாச்சு அவ ஒழுங்கா தூங்கி.”

நாத்தனார் ரொட்டிப் பக்கம் கையை நகர்த்தினாள். அவன் தட்டை இழுத்துக்கொண்டான். “இன்னும் ஆமென் வரலை.”

“அண்ணா, நீதான் அதெல்லாம் விட்டவனாச்சே.”

“நான் விட்டவன்தான். அவ விடலையே.”

“சூப்பு ஆறுது. ஏற்கெனவே அது சூடா இருந்தாத்தான் வாயில வைக்க முடியும். நீயே முடிச்சு வையேன்.”

தலை சரிந்த வேகத்தில் அவளுக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கப் போனாள். அப்போது கணவன் தொண்டையைச் செருமினான். அவள் இமையைத் திறக்காமல் அப்படியே இருந்துகொண்டாள்.

“ஆண்டவரே” என்றான். “அவ ரொட்டி வரைக்கும் வந்துட்டா. மிச்சம் நான் சொல்றேன். சூப்புல உப்பு ஜாஸ்தி, அது என் தப்பு, அதுக்கு உம்மைக் கூப்பிடலை. தங்கச்சி தைக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேக்குது. அது இல்லாட்டி இந்த வீட்டுல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். அதுக்கு நன்றி.”

நாத்தனாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

“இன்னிக்குக் காலையில குளியலறை வரைக்கும் சுவரைப் பிடிக்காம நடந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. நாளைக்கு முடியலைன்னா அவளுக்கு இன்னும் கஷ்டமாயிடும்னு சொல்லலை. உமக்குத் தெரிஞ்சிருக்கும். உம்மேல எனக்குக் கோபம் இன்னும் போகலை, அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். அவளுக்கு இந்த அஞ்சு நிமிஷத் தூக்கம் குடுத்தீர். நன்றி.”

நிறுத்தினான். ஆமென் மட்டும் வரவில்லை. எட்டு மாதமாகச் சொல்லாத வார்த்தை.

“ஆமென்” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

“அண்ணி, முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?”

“தூக்கத்துல சொன்னேன். அந்த ரொட்டியை இப்படித் தள்ளு.”

சூப்பில் உப்பு ஜாஸ்திதான். அந்தக் கிண்ணத்தில் ஒரு மீனை விட்டிருந்தால் கடல் என்று நினைத்துக் முட்டை போட்டிருக்கும். அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கமாக அவள்தான் முதலில் எழுந்து அவனுக்குத் தோள் கொடுப்பாள். அன்றைக்கு எழவில்லை. எழ முடியவில்லை என்பதும் பொய்யில்லை. மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவன் கொஞ்சம் பார்த்தான். பிறகு மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான். சுவரைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அவள் கண்ணை மூடியபடியே காலடிச் சத்தத்தை எண்ணினாள். மேசையிலிருந்து தொட்டி வரைக்கும் ஏழு அடி. நாலாவதில் ஒரு தடுமாற்றம். ஏழாவது வந்து, தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டபோது, “ஸ்தோத்திரம்” என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் உண்மையாகவே தூங்கிவிட்டாள்.