பேச வரவேண்டியதில்லை

ஆட்சி மாறிய புதிது. இனி எல்லாம் நம் பக்கம்தான் என்று நான் கல்லூரிக்குப் போகிற வழியெல்லாம் சுவரில் எழுதிக்கொண்டு திரிந்தேன். தரங்கம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் கூலிச் சண்டை ஓய்ந்து, பண்ணைக்கும் சங்கத்துக்கும் தாசில்தார் முன்னிலையில் ஒப்பந்தம் ஆனது. சங்கச் செயலாளர் எங்கள் தெரு அண்ணன்தான். மேடையில் அவர் பேசினால் எனக்குச் சோறு வேண்டாம்.

ஒப்பந்தத்தைத் தெருவில் வைத்து அவரே உரக்கப் படித்தார். ஆளை வேலையை விட்டு நிறுத்தினால் பண்ணையார் சங்கத்தோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். எல்லோரும் கைதட்டினோம். அதன் கீழே ஒரு ஷரத்து: ஆட்கள் தாங்களாக வேலையை நிறுத்தினால், பேசித் தீர்க்கும் கடமை பண்ணையாருக்குக் கிடையாது.

"அண்ணே, இந்தக் கடைசி வரி எதுக்கு?"

"அவங்க மனசு ஆறட்டும்னு விட்டுக்குடுத்தேன்டா. கையில கூலி வந்தப்புறம் நாம ஏன் வேலைய நிறுத்தப் போறோம்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த நடவிலேயே, பண்ணையில் கூலிவேலை செய்த அப்பாவை நிறுத்தினார்கள். கூலி நெல்லை மரக்காலில் தலைதட்டாமல், குவித்து அளக்கச் சொன்னாராம், அதுதான் குற்றம். போகட்டும், பேசித்தானே ஆகவேண்டும் என்று நான் துள்ளினேன். பேச்சுக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு முதல் நாள் தெருக்கோடிப் பெரியம்மா செத்துப்போனார். தெருவில் பிணம் கிடக்கையில் நாங்கள் யாரும் வயலில் இறங்குவதில்லை. அது ஊருக்கே தெரியும். பாடைக்கு முன்பக்கம் ஒரு தோள் அப்பா, மறு தோள் செயலாளர் அண்ணன்.

மறுநாள் பண்ணை வாசலில் எங்களை நிற்க வைத்து, பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சொன்னார்: "நேத்து ஒரு ஆள் வயலுக்கு வரல. நீங்களாத்தான் நிறுத்துனீங்க. ஷரத்துப்படி ஐயா பேச வேண்டியதில்ல."

"சாவுங்க அது!" என்று கத்தினேன். "ஐயா வீட்டுச் சாவுக்கு யாரும் வயல்ல இறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிவிட்டீங்க?"

"அது நாங்க சொன்னது தம்பி. இது நீங்களா செஞ்சது."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். சாவு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"எழுத்துல அப்படித்தான சித்தப்பா இருக்கு," என்றார் தரையைப் பார்த்து.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "நேத்து எனக்கு அந்தப் பக்கம் தோள் குடுத்தது நீதானடா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார். மேடையில் அவ்வளவு பேசுகிற வாய்!

அந்த அறுவடை முடிவதற்குள் பண்ணை நிலத்தில் ஒரு துண்டு அண்ணனுக்குக் குத்தகையாக வந்தது. அப்பாவை மட்டும் அக்கம்பக்கத்துப் பண்ணை எதுவும் சேர்க்கவில்லை. வேதாரண்யத்தில் உப்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிறந்ததிலிருந்து சேற்றை விட்டு விலகாத மனிதர் துணிமூட்டையோடு கிளம்பினார்.

பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் அண்ணன் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார், கிட்டே வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. அப்பா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, எப்போதும்போல, போய்வருகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டார்.

அந்தக் கையைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.