கடைசியாக விழுந்தவர் முன்னால்

மலேசியாவில் குளுவாங் நகரை நெருங்கும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தேநீர்க் கடை. பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பின் வண்டிகள் சூடு ஆறுகின்றன. செயலாளர் மேரி ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார். என் மகள் யாழினி கப்சாய் என்கிற தன் சின்ன மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நுரை ததும்பும் தே தாரேக் தேநீர் குடிக்கிறாள். போன மாதம் இதிலிருந்துதான் விழுந்தாள். தெப்ராவிலிருந்து அவளை ஒட்டியே காரில் வருகிறேன். ஸ்டியரிங் பிடித்த விரல்கள் இன்னும் விறைத்திருக்கின்றன.

கிளப்பின் தலைவர் குமார் எனக்கும் ஒரு குவளை கொண்டுவருகிறார். வார நாட்களில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர்.

"தம்பி, ஒரு லாரி பிடிச்சு அவ மோட்டார ஏத்திடுங்க," என்கிறேன்.

"அலமாக்! அக்கா, அவ ரோட்டயே பாக்கல. கண்ணாடியில உங்க காரத்தான் பாக்குறா."

நான் திரும்பி என் காரைப் பார்க்கிறேன்.

"எங்க கிளப்ல கடைசியா விழுந்தவங்கதான் முன்னால போகணும். யாரும் முந்தக்கூடாது. நான் கடைசியில வருவேன், நீங்க எனக்குப் பின்னால வாங்க லா. அவ நல்லா இருந்தா இடது கைய தூக்குவா. பின்னால ஒவ்வொருத்தரா தூக்குவோம்."

"தலைவர் கடைசியிலயா?"

"கயிறும் ஸ்பேனரும் தூக்குறவன்தானே தலைவர்!"

கிளம்புகிறோம். வளைவுக்கு அப்பால் மகள் தெரியவில்லை. தூரத்தில் ஒரு கை உயர்கிறது. பிறகு அடுத்தது. கடைசியில் குமாரின் கை.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் காருக்குள் நானும் கையைத் தூக்குகிறேன்.