கேட் வரைக்கும் நின்னுகினு

மேடைக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டரின் டீசல் வாடை வந்ததுமே, பாட வந்தவள் என்பதை மறந்து, அம்மா கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போன அந்த ஓட்டை வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அம்மா தினமும் என்னை மடியில் வைத்துக்கொண்டு போவாள். ஒரு காலத்தில் சேர்ந்து நாற்று நட்ட பெண்கள்தான் வேன் முழுக்க. அதே நடவு மெட்டில் சூப்பர்வைசரையும் கேன்டீன் சாம்பாரையும் இழுத்துப் பாடிக்கொண்டு வருவார்கள், ஒருத்தி ஓர் அடி பாடி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் அடுத்த அடியைக் கட்ட வேண்டும், கட்ட முடியாதவள் சீட்டை விட்டுக் கம்பெனி கேட் வரைக்கும் நின்றுகொண்டு வர வேண்டும்.

முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் அம்மாவுக்கு ஒருமுறை வார்த்தையே வரவில்லை. "சைரன் ஊதுது, சட்டுனு வாடி" என்று ஜன்னலோர அத்தை பாடி நிறுத்த, அம்மா எழுந்திருக்கப் போனாள்.

"ஊதிக்கினே கெடக்கட்டும், எங்கம்மா தூங்கணும்" என்று நான் பாடினேன்.

வேனே சிரித்தது. "குந்துடி, உம் பொண்ணு கட்டிட்டா" என்றாள் அத்தை. நான் கட்டிய முதல் பாட்டு அதுதான்.

அந்த வேன் இப்போது இல்லை. ஆனால் கச்சேரிதோறும் ஓர் அடியோடு நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்ப்பேன். இன்றும் பாடி நிறுத்திப் பார்த்தேன்.

"கேட்டத் தாண்டினா கேமரா நாலு."

முன்வரிசையில் கம்பெனி யூனிஃபார்மோடு இருந்த ஒரு பெண் சட்டென்று பாடினாள்: "கேமராவுக்குத் தெரியாத கனவு நூறு."

அதற்கடுத்த அடி எனக்கு வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, "மேல வாம்மா, நீ குந்து" என்றேன்.