வாப்பாவின் இடுப்பில் கட்டிய சென்சர்

தம்பி கத்தாரிலிருந்து அனுப்பிய சென்சர் தீப்பெட்டி அளவுதான். அதை வாப்பாவின் இடுப்பில் கட்டிவிட்டோம். அவர் கிண்ணியாவில் வீட்டுக்குள் நடப்பது, துறைமுகத்தடி அலுவலகத்தில் இருக்கும் எனக்குப் போனில் தெரியும். விழுந்தால் மணி அடிக்கும். கழற்றினாலும் அடிக்கும்.

முதல் நாளே நண்பகல் லுஹர் தொழுகை நேரம் அடித்தது. வீட்டில் உம்மா போனை எடுக்கவில்லை; ஓட்டோ பிடித்துப் பாலம் கடந்து ஓடினேன். வாப்பா தொழுகைப் பாயில் இருந்தார். அவர் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததை அந்த மடக் கருவி விழுந்ததாக எடுத்திருக்கிறது. மறுநாளும் அடித்தது. தொழுகையாகத்தான் இருக்கும் என்று சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. திரும்பவும் ஓடினேன்.

அதன்பிறகு அடிக்கவேயில்லை. வாப்பா கதிரையில் உட்கார்ந்தபடி தொழத் தொடங்கியிருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிக் கதிரையில் தொழுங்கள் என்று டொக்டர் பலமுறை சொல்லியும், "நெத்தி தரையில படாம எனக்கு ஏலாது" என்று பிடிவாதமாக மறுத்தவர் அவர். ஒருவழியாக டொக்டர் பேச்சைக் கேட்டார் என்று நான் நிம்மதிப்பட்டேன்.

அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அந்தக் கதிரையைத் துடைத்துக்கொண்டே உம்மா சொன்னார்:

"முழங்கால் நோவுக்காக அவர் இதுல இருக்கல்ல, மகள். நீ வேலைய உட்டுட்டு அழுதுகொண்டு ஓடி வாறத அவரால பாக்க ஏலாமப் போச்சு. ஆனா பாய மட்டும் முன்னுக்கு விரிக்கச் சொல்லுவாரு. தொழுது முடிச்சும் எழும்பாம, கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருப்பாரு."