காற்றின் பெயர் வைத்தவள்

அலுவலகத்தில் அவளை மேகத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்தை ஒட்டிய கடல் ஆய்வு நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். அடுப்பில் பால் வைத்தால், பொங்கி வழிந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். உடம்பு இங்கே, மனசு எங்கேயோ என்று தங்கை அலுத்துக்கொள்வாள். தங்கைக்கு ஆயத்த ஆடைக் கடையில் வேலை. சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் கீழிருந்து நீராவி எழும்பி ஜன்னல் கண்ணாடியை மூடும்போது, வீடே தரையை விட்டுக் கிளம்பிவிட்டது போல அவளுக்குத் தோன்றும்.

முன்பெல்லாம் நிலையத்தின் ஒவ்வொரு பிரிவும் தன் கணினியைத் தானே வாங்கி, மேசைக்கடியில் வைத்துப் பாதுகாத்துக்கொள்ளும். ஒரு அறையில் கணினி திணறும், பக்கத்து அறையில் இன்னொன்று சும்மா கிடக்கும். அதனால் பெரிய சர்வர்களை ஒரே குளிர் அறையில் வைத்து, அவற்றின் பலத்தைப் பங்குபோட்டு, கேட்பவர்களுக்கு மெய்நிகர் கணினிகளாகக் கொடுப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார். வெளியார் நுழைய முடியாத, நிலையத்துக்கே சொந்தமான க்ளவுட், அதாவது மேகம். அந்தக் கணினிகளைக் கையால் தொட முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ப்ராசஸர், எவ்வளவு மெமரி, எவ்வளவு வட்டு, எந்த நெட்வொர்க் என்று முன்கூட்டியே ஒரு வார்ப்பு செய்து வைக்க வேண்டும். ஹார்ட்வேர் ப்ரொஃபைல் என்பார்கள். அந்தப் பொறுப்பு அவளிடம் வந்தது.

அவளுக்கு அது பிடித்துப்போனது. குளிர் அறையில் விசிறிகளின் இரைச்சல் தூரத்து மழை போலக் கேட்கும். சிமிட்டும் பச்சை விளக்குகளைப் பார்த்தபடி நிற்பாள். இன்னும் பிறக்காத கணினிகள், இடம் தேடி அந்த மழையில் நிற்பதாக நினைத்துக்கொள்வாள்.

மூன்று வார்ப்புகள் செய்தாள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று பெயர் வைத்தாள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சின்னதை ஒருவரும் தொடவில்லை. அலைகளைக் கணிக்கும் பிரிவின் தலைவர், நாங்கள் என்ன சின்ன ஆட்களா என்று கேட்டு, விடுமுறைப் பட்டியல் வைக்கக்கூடப் பெரியதாகவே எடுத்துக்கொண்டார். ஊரார் வீட்டு நெய் என்றால் கை தாராளமாகத்தானே வரும். சீக்கிரமே மெமரி முழுவதும் பங்கு பிரிந்து போனது. வாங்கியவர்களின் கணினிகளோ பாதி நேரம் தூங்கின.

அந்தச் சமயத்தில்தான், நிலையத்தில் எல்லோரும் கடல்காது என்று கூப்பிடும் ஆராய்ச்சியாளர் அவளைத் தேடி வந்தார். கடலடியில் ஒலிவாங்கிகளைப் போட்டு, அவை பிடிக்கும் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே தலைநரைத்தவர். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். மெதுவாகப் பேசுவார். தன் கோரிக்கையை மேகம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றார்.

"உங்களுக்கு எது வேணும்? பெரியதா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம். ப்ராசஸர் ஒண்ணு போதும், எனக்கு அவசரமே இல்ல. ஆனா மெமரி மட்டும் நிறைய வேணும். ஒரு பருவத்துச் சத்தம் முழுசும் ஒரே சமயத்துல உள்ள இருக்கணும். இப்ப துண்டு துண்டா வெட்டித்தான் கேட்கிறேன். வெட்டின இடத்துல என்னவோ போயிடுது."

அப்படி ஒரு வார்ப்பு அவளிடம் இல்லை. அவளுடைய மூன்றிலும் மெமரி கூடினால் ப்ராசஸரும் கூடவே கூடும். அவர் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த குரலை வேகப்படுத்திக் கேட்கும்படி செய்திருந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ மிக ஆழத்தில் ஒரு கனத்த கதவு திறப்பது போல ஒரு ஒலி எழுந்து, நீண்டு, கரைந்தது. அது என்ன விலங்கு என்று தனக்கும் தெரியாது என்றார். அன்று பேருந்தில் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது தங்கையிடம் இதைச் சொன்னாள். தங்கை சிரித்துவிட்டாள்.

"எங்க கடையில பெரிய சைஸ்னு சொன்னா கோவிச்சுக்கிறாங்க, உன் ஆபீஸ்ல சின்னதுன்னு சொன்னா கோவிச்சுக்கிறாங்க. அளவுல ஒண்ணுமில்லக்கா. பேரை மாத்திப் பாரு."

மறுநாள் அவள் வார்ப்புகளுக்குக் காற்றுகளின் பெயர்களை வைத்தாள். சின்னது தென்றல் ஆனது, நடுத்தரம் வாடை, பெரியது கொண்டல். ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு ஏற்றது என்று கீழே ஒரு வரி எழுதினாள். மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்றின் பெயரில் நான்காவதாக ஒன்றும் செய்தாள்: ஒரே ப்ராசஸர், கடலளவு மெமரி. பிறகு பிரிவு பிரிவாகப் போய், தூங்கும் கணினிகளைக் காட்டி, மாற்றிக்கொள்ளச் சம்மதம் கேட்டாள். தென்றல் என்றதும் முகங்கள் இளகின. தன்னிடம் இரண்டு தென்றல் இருப்பதாக ஒரு ஆராய்ச்சியாளர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அலைப் பிரிவின் தலைவர் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, கடைசியில் தன் கணிப்புக் கணினியை வாடைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்.

அது தப்பாகிப் போனது. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறிய ஒரு காலையில், கணிப்பு பாதியில் திணறி நின்றது. துறைமுகத்தில் படகுகள் தகவலுக்காகக் காத்திருந்தன. அவள் உடனே அதைக் கொண்டலாக்கி மறுபடி ஓடவிட்டாள். தலைவர் கத்தவில்லை. "சராசரியைப் பார்த்து அளவு போட்டுட்டீங்க. கடல் சராசரியாவா வருது?" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, குளிர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு வாடையைத் திருத்தினாள். சாதாரண நாளுக்கு ஒரு மெமரி அளவு, நெருக்கடி வந்தால் தானாகவே விரிந்துகொள்ள ஒரு மேல் எல்லை, அந்த எல்லைக்கென்று யாரும் தொடாத ஒரு ஒதுக்கீடு. அடுத்த முறை கடல் ஏறியபோது திரையில் மெமரிக் கோடு மூச்சை இழுப்பது போல மேலேறி, மெல்லத் தாழ்ந்தது. தலைவர் அவள் மேசைப் பக்கம் வந்து, ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

இதற்குள் கோடைக்கும் இடம் கிடைத்திருந்தது. கடல்காதின் கணினி பிறந்த அன்று, ஒரு பருவத்தின் ஒலி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இறங்கியது. ஒரே ப்ராசஸர், நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தது. வாரங்கள் போயின. ஒரு மதியம் அவர் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அது ஒரு குரல் இல்ல மேடம். ரெண்டு."

துண்டுகளில் எல்லாமே ஒரே விலங்கின் குரலாகத்தான் கேட்டிருந்தது. முழுவதையும் ஒன்றாக விரித்தபோதுதான் தெரிந்தது: ஒன்று கூப்பிடுகிறது, ஒரு பகல் நேரம் கழித்து, வெகுதூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்கிறது. கேள்வி ஒரு துண்டிலும் பதில் வேறொரு துண்டிலும் கிடந்திருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். வேகப்படுத்தியும் மணிக்கணக்கில் நீண்ட இடை மௌனத்தை அவர் வெட்டவில்லை. நிலையம் காலியாகும்வரை அவர்கள் அந்த மௌனத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பதில் வந்தபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நிலையத்தில் அவர்களைப் பற்றி ஒரு பேச்சு எழுந்து, அதுவாகவே அடங்கியது. அவர்கள் கல்யாணம் எதுவும் செய்துகொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் ஒன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

அடுத்த பருவத்துக்கு ஒலிவாங்கி போடப் படகு கிளம்பியபோது, அவளும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனாள். போகும் வழியெல்லாம் வாந்தி. படகோட்டி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, முகர்ந்துகொண்டே வரச் சொன்னார். ஆழம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஒலிவாங்கி கயிற்றோடு நழுவி, பச்சையிலிருந்து கருநீலத்துக்குள் இறங்கி மறைந்தது. தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப அதுங்களுக்கு நம்ம சத்தம் கேட்குமா?" என்று கேட்டாள்.

"கேட்கும். பேசாம இருந்தா, போயிட்டோம்னு நினைச்சுக்கும்," என்றார் அவர்.

வெயில் இதமாக இருந்தது. அவள் சுருட்டி வைத்த கயிற்றில் தலைசாய்த்துக்கொண்டாள். படகு மெல்ல ஆடியது. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.