அடிவாரத்து வெயிலில் ஊதிப் பார்த்த டியூபா

முருகேசண்ணன் போய்விட்டார் என்று பேண்ட் மாஸ்டர் போனில் சொன்னபோது நான் பேண்டில் ஊதும் பெரிய பித்தளைக் குழலான டியூபாவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். நான் முதலில் கேட்டது, "அப்ப வெள்ளிக்கிழமை என்னை யாருங்க கூட்டிட்டுப் போவாங்க?" கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அன்றைக்குச் சேலத்தில் எனக்குத் தேர்வு. மாதச் சம்பளத்துக்கு வாசிக்கும் குழுவில் ஒரே ஓர் இடம்.

அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவர் மஞ்சக்குட்டை ஷேர் ஜீப் டிரைவர், எங்கள் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர். பயந்தாங்கொள்ளி என்றும் பெயர். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். கேலி செய்தால், "பயம் உட்டுப்போச்சுன்னா சாவியக் குடுத்துப்புட்டு ஊட்டுல உக்காந்துக்கோணுமுங்க" என்பார்.

புது டியூபா வாங்க எனக்கு வசதியில்லை. மேலே கரடியூரில், கலைந்துபோன பேண்ட் ஒன்றின் பழைய டியூபாக்கள் இரண்டு விலைக்கு இருந்தன; போன மாதம் முருகேசண்ணன்தான் தன் ஜீப்பில் என்னைக் கூட்டிப்போனார். ஒன்று பளபளப்பு, மற்றது உடம்பெல்லாம் நசுங்கல். மூடுபனியில் நின்று ஊதினேன். பளபளப்பானது சுருதி சுத்தமாக நின்றது; ஆனால் அதற்கு, வெளியே இழுக்க இழுக்கச் சுருதியை இறக்கும் சுருதிக் குழாயைக் கடைசிவரை இழுத்திருந்தேன். நசுங்கியது, குழாயை முழுக்க உள்ளே தள்ளியும் சற்று இறங்கியே ஒலித்தது.

"நாளைக்கு இன்னொருத்தர் வராருங்க" என்றார் விற்பவர். கைநழுவிவிடுமோ என்று பயந்தேன். பளபளப்பானதற்குப் பணத்தை எடுத்தேவிட்டேன்.

முருகேசண்ணன்தான் மறித்தார். "ஏனுங்க தம்பி, தேர்வு கீழதானுங்க? குளுருக்குள்ள பாத்தத நம்பி வாங்காதீங்க. அடிவாரத்து வெயில்ல ஒருக்கா ஊதிப் பாத்துரலாம்."

இரண்டு டியூபாவையும் விற்பவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். சூட்டில் பித்தளையின் சுருதி ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் மறந்திருந்தேன். உச்சி வெயிலில் பளபளப்பானதன் சுருதி ஏறிக்கொண்டே போனது. இறக்கக் குழாயில் மிச்சமே இல்லை. இன்னும் இழுத்தால் கையோடு வந்துவிடும். இறங்கி ஒலித்த நசுங்கியதோ, சூட்டில் ஏறிச் சரியான சுருதியில் வந்து நின்றது. அதையே வாங்கினேன். தப்பித்துவிட்டேன் என்று தெரிந்தபிறகும் பயம் போகவில்லை.

திரும்பும்போது, "பயமா இருக்குதுங்கண்ணா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குந்தானுங்க. வாய் உட்டுச் சொல்லிப்போடோணும். உள்ளாற வெச்சிருந்தா ஸ்டீரிங் புடிக்கற கையி நடுங்கும்."

நாளை வெள்ளிக்கிழமை. இடம் கிடைக்காவிட்டால் டியூபாவை விற்றுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் தனியாக இறங்கப்போகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பயத்தை வாய்விட்டுச் சொல்வது ஒன்றுதான். இதுவரை அவரிடம் மட்டுமே சொன்னேன். கேட்க அவர் இல்லை. அதனால் அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது.