ஊசி போடாத பிளாஸ்திரி

பிறருக்கு ஊசி போடுவது எங்கள் பிழைப்பு. எங்களுக்கென்று வந்தால் எங்களைப் போல ஓடி ஒளிகிறவர்கள் தூத்துக்குடியிலேயே கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான். ஊழியர் எல்லாருக்கும் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடவைக்கும் பொறுப்பு நர்ஸான என் தலையில் விழுந்தது.

அசனம்

வார்டு ஆயா அந்தோணியம்மாள் என்னைவிட மூத்தவர். நான் ஊசித் தட்டோடு வந்தால் துணி மாற்றும் அறைக்குள் புகுந்துகொள்வார். மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே காத்திருந்து பிடித்தேன். தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கை வலிக்கும், அவ்வளவுதான் என்றேன்.

"ஞாயித்துக்கிழம கோயில்ல அசனம், ஊருக்கே சாப்பாடு சிஸ்டர். நான் படுத்துட்டா அம்புட்டு பேருக்கும் சாம்பார் யாரு வைப்பா, நீங்களா?"

நாசூக்கு

பெரிய டாக்டர் ஓடவில்லை, ஒளியவில்லை. சிரித்த முகமாக, ஊசி போட்டவர்களுக்கு நான் டிக் போடும் பட்டியலைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு ஒரு டிக் மட்டும் போட்டுக்கங்க சிஸ்டர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

என் வண்டவாளம்

அவர்களைச் சொல்லி என்ன? இருபது வருஷமாக ஊசி போடுகிறேன். என்னிடம் ஒருவர் ஊசியோடு வந்தால் பயத்தில் நானும் பின்வாசலைத் தேடுவேன். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்து மற்றவர்களும் வருவார்கள். நான் மருந்தறைக்குள் போய், ஊசியே போடாமல் பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டு வந்தேன். பட்டியலில் எனக்கு நானே டிக் போட்டேன். வார்டு வார்டாகக் கையைக் காட்டினேன். அந்தோணியம்மாள் முதல் ஆளாக ரவிக்கைக் கையைச் சுருட்டினார்.

"சிஸ்டரே போட்டுட்டாக, எனக்கு என்ன வந்துச்சு? குத்துங்க."

வேம்பார் அண்ணாச்சி

அடுத்த மாதம் எனக்கு உடம்பு கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வந்தேன். லீவு கேட்டால், ஊசி போட்டவளுக்கே காய்ச்சலா என்பார்களே! டயாலிசிஸ் அறையில் வேம்பார் அண்ணாச்சி படுத்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். வேம்பாரிலிருந்து வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வருவார். நான் இருமியதும், "காய்ச்சலா சிஸ்டர்?" என்றார். "நான் ஊசி போட்டவ அண்ணாச்சி, இது வெறும் தூசி" என்றேன்.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல். பரிசோதித்தால் ஃப்ளூ. ஆக்சிஜன் வைத்துப் படுக்கவைத்தார்கள். என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அண்ணாச்சி தன் மனைவியைக்கூட உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தியிருந்தார். நான் தயங்கி நின்றதும், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"வீட்டாளுகளுக்கு ஒட்டிரும்னுதான் தள்ளி நிக்கச் சொன்னேன். நீங்க ஊசி போட்டவுக, பயப்படாம கிட்ட வந்து உக்காருங்க சிஸ்டர்."

அண்ணாச்சி பிழைத்து வீடு போனார், நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது வருஷம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறேன், பயம் அப்படியேதான் இருக்கிறது, வெட்கம் அதைவிடப் பெரிசாக இருப்பதால் கை தானாக நீளுகிறது.